வரிசையும் நீதியும்: நியூயார்க் நகரின் இரு தடுப்பூசிக் காலங்கள்

1947ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 4ஆம் நாள். அன்று பெரிய வெள்ளிக்கிழமை. நியூயார்க் மாநகரின் ஆலயங்களில் மக்கள் பாடுகளின் வழிபாட்டுக்குக் கூடிக்கொண்டிருந்த அந்நாளில், நகரின் சுகாதார ஆணையர் டாக்டர் இஸ்ரேல் வைன்ஸ்டைன் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். நகருக்குள் பெரியம்மை புகுந்துவிட்டது; வாஷிங்டனிலுள்ள இராணுவ மருத்துவ ஆய்வுக்கூடம் அதனை ஐயத்துக்கிடமின்றி உறுதிப்படுத்திவிட்டது; ஆகவே நகர மக்கள் அனைவரும் காலந்தாழ்த்தாது அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்பதே அச்செய்தி. மறுநாள் கழிந்து உயிர்ப்புப் பெருவிழா. புத்தாடை அணிந்த பெருங்கூட்டம் ஐந்தாம் அவென்யூவில் வழக்கம்போல் உலா வந்தது. அக்கூட்டத்தை நினைத்து அன்றிரவு ஆணையருக்கு உறக்கம் வந்திருக்குமா என்று நாம் ஐயுறுகிறோம்.

நோய் வந்த வழி எளியது. மெக்சிகோவிலிருந்து பேருந்தில் புறப்பட்ட வணிகர் ஒருவர் மார்ச் முதல் நாள் நியூயார்க் வந்து சேர்ந்தார். உடல்நலம் குன்றியிருந்த அவர் விடுதியொன்றில் தங்கி, சில நாட்களில் மருத்துவமனை சேர்ந்து, மார்ச் 10ஆம் நாள் உயிர் நீத்தார். ஒரு தலைமுறைக் காலமாகப் பெரியம்மைக் கொள்ளைநோயைக் கண்ணாற் காணாத மருத்துவர்கள், அவர் மேனியில் கண்ட குறிகளுக்கு வேறு காரணம் கற்பித்தனர். அவர் இறுதியாகக் கிடந்த தொற்றுநோய் மருத்துவமனையிலிருந்து நோய் பிறரைப் பற்றியது. ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர். பிராங்ஸ் பகுதியைச் சேர்ந்த, இரண்டு வயதும் நிரம்பாத குழந்தை ஒன்று. அங்கிருந்து மில்புரூக் என்னும் ஊரில் அருட்சகோதரிகள் நடத்திவந்த நலம்பெறு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட சிறுவன் ஒருவன். அச்சிறுவன் வழியாக அவ்வில்லத்திலும் நோய் பரவிற்று. ஏப்ரல் நடுவில், ஹார்லெம் இளைஞரின் கருவுற்றிருந்த மனைவி இறந்தார். அவ்விரண்டாம் சாவுச் செய்திக்குப் பின்னரே மக்கள் வெள்ளமெனத் திரண்டனர்.

முக்கால் கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரில் ஒவ்வொருவருக்கும் அம்மை குத்துவது எப்படி? நகர ஆட்சி கண்ட வழியில் நுணுக்கம் ஏதுமில்லை. நகர மருத்துவமனைகள், தாய்சேய் நல நிலையங்கள், பள்ளிக்கூடங்கள், தொழிற்சங்க அலுவலகங்கள் ஆகியவற்றோடு காவல் நிலையங்களும் அம்மை குத்தும் இடங்களாயின. அப்போதைய மேயர் வில்லியம் ஓட்வையர் அயர்லாந்தில் பிறந்தவர். இளமையில் குருத்துவப் படிப்புக்கென ஸ்பெயின் நாட்டுச் சாலமன்கா நகருக்குச் சென்று, அது தமக்குரிய அழைத்தல் அன்று எனக் கண்டு அமெரிக்கா வந்தவர். புரூக்ளின் தெருக்களில் காவலராகப் பணியாற்றியவர். ஒரு பேட்டையில் எது இல்லாவிட்டாலும் காவல் நிலையம் உண்டு என்பதை அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. புகைப்படக்காரர் முன்னிலையில் அவரே கையை நீட்டி அம்மை குத்திக்கொண்டார். நகருக்கு வரவிருந்த குடியரசுத் தலைவர் ட்ரூமனும் குத்திக்கொண்டே வந்தார்.

இடையே மருந்து தீர்ந்தது. நிலையங்கள் சில நாள் மூடப்பட்டன. மேயர் மருந்து நிறுவனத்தாரை நகர மன்றத்துக்கு அழைத்து, இரவுபகலாக உற்பத்தி செய்து தரும்படி நெருக்கினார். கடற்படையின் கிடங்கிலிருந்தும் மருந்து வந்தது. ஒரு திங்களுக்குள் 63 இலட்சத்து 50 ஆயிரம் பேர் அம்மை குத்திக்கொண்டனர் என்று சுகாதாரத் துறை கணக்குக் காட்டிற்று. இவ்வெண் மிகைப்பட்டதென்று பின்னாளில் ஆய்ந்தோர் சிலர் கருதுகின்றனர். அவர்கள் குறைத்துச் சொல்லும் எண்ணிக்கையே கூட பல இலட்சங்களாகும். நோயுற்றோர் மொத்தம் 12 பேர். இறந்தோர் 2 பேர். அத்துடன் நோய் நின்றது.

இந்த நிகழ்ச்சியைப் பொதுச் சுகாதார வரலாற்றில் ஒரு வெற்றிக் கதையாகவே பலரும் எடுத்துரைப்பர். நமக்கு அதில் வேறொன்று தென்படுகிறது. அம்மை குத்திக்கொள்ள விரும்பிய ஒருவரிடம் அந்நகரம் கேட்டது என்ன? தம் தெருவிலிருந்து நடந்துபோகும் தொலைவிலுள்ள ஓரிடத்துக்கு வந்து வரிசையில் நிற்கும்படி கேட்டது. எழுத்தறிவைக் கேட்கவில்லை, தொலைபேசியைக் கேட்கவில்லை, கட்டணத்தையும் கேட்கவில்லை. வரிசை நீண்டது, மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது என்பதும், நாட்கூலிக்காரருக்கு அம்மணித்துளிகள் காசுகள் என்பதும் உண்மையே. ஆயினும் மருந்து பேட்டைதோறும் சென்றது. பார்க் அவென்யூவில் வாழ்ந்தவரும் ஹார்லெமில் வாழ்ந்தவரும் தத்தம் காவல் நிலையத்தின் வாயிலிலேயே நின்றனர்.

இவ்வாறு பேட்டைதோறும் கொண்டு செல்லாவிடின் என்ன நேரும் என்பதை ஒன்பதே ஆண்டுகளில் மற்றொரு பெருநகரம் கண்டது. இளம்பிள்ளை வாதத்துக்கு ஜோனாஸ் சால்க் கண்ட தடுப்பூசி 1955ஆம் ஆண்டு வெளிவந்தது. பெரும்பாலும் குடும்ப மருத்துவரிடம் கட்டணம் செலுத்திப் போட்டுக்கொள்ளும் மருந்தாக அது மக்களை அடைந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்நோய் செல்வர் வீட்டுக் குழந்தைகளையும் விட்டுவைத்ததில்லை. 1956ஆம் ஆண்டு கோடையில் சிகாகோவில் அது மீண்டும் தலையெடுத்தபோதோ, நெருக்கடி மிக்க வறிய பேட்டைகளை, அவற்றிலும் சிறப்பாகக் கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களைத் தேர்ந்தெடுத்ததுபோல் தாக்கிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நோயின் இயல்பு மாறிவிடவில்லை. ஊசி சென்றிருந்த தெருக்களை விட்டு, செல்லாத தெருக்களில் அது தங்கிற்று, அவ்வளவே. அந்நகரின் சுகாதாரத் தலைவர் ஹெர்மன் பண்டசன் ஊசி போடுவோரைத் தெருமுனைகளுக்கும் பூங்காக்களுக்கும் அனுப்பினார். வெயிலில் மேசை போட்டு, வழிப்போக்கரை நிறுத்தி ஊசி குத்தினர்.

இனி நியூயார்க்குக்கே திரும்புவோம். 2020ஆம் ஆண்டு இளவேனிலில் கொரோனாத் தொற்று அந்நகரைச் சூறையாடியதை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குளிரூட்டப்பட்ட சரக்கு வண்டிகளில் உடல்கள் அடுக்கப்பட்ட படங்களை நாளிதழ்களில் நாம் கண்டோம். அவ்வண்டிகள் நின்ற இடங்களுள் ஒன்று குவீன்ஸ் பகுதியின் எல்ம்ஹர்ஸ்ட். அதை அடுத்துள்ள பேட்டையின் பெயர், நோய் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, கொரோனா என்பதுதான். மெக்சிகோ, எக்குவடோர், டொமினிக்கன் குடியரசு முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளர் அங்கு மிகுதி. கட்டடப் பணியாளர், உணவகச் சமையற்காரர், வீடு துடைப்போர், வீட்டிலிருந்தபடி வேலை பார்க்க இயலாதோர். ஓரறையில் பலர் குடியிருப்போர். அங்குள்ள வியாகுல அன்னை ஆலயத்தின் பங்கு மக்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அவ்வாண்டில் அந்நோயால் இறையடி சேர்ந்தனர். ஒரு பங்கில் நூறு அடக்கம்! நம் பங்குகளில் ஓராண்டில் எத்தனை அடக்கத் திருப்பலிகள் நிகழ்கின்றன என்று எண்ணிப் பார்ப்போருக்கு அதன் பொருள் விளங்கும்.

அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் நாள் தடுப்பூசி வந்தது. சோதனைக் காலம் முடிந்தபின் அமெரிக்காவில் முதன்முதல் ஊசி பெற்றோருள் ஒருவர் சாண்ட்ரா லிண்ட்சே என்னும் செவிலியர். யமேக்காவில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. அக்காட்சி நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று. தொடக்கம் இவ்வாறு அமைந்ததால், தொடர்வதும் அவ்வாறே அமையும் என்று பலர் எண்ணியிருக்கக்கூடும்.

2021 ஜனவரி 11ஆம் நாள் 75 வயதைக் கடந்தோருக்கும், மறுநாளே 65 வயதைக் கடந்தோருக்கும் ஊசி பெறும் உரிமை வழங்கப்பட்டது. மாநிலத்தில் தகுதி பெற்றோர் 70 இலட்சத்துக்கும் மேல். வாரந்தோறும் வந்த ஊசியோ ஏறத்தாழ 3 இலட்சம். இக்குறைவே எல்லாத் துன்பங்களுக்கும் வேர். 1947இல் போல் காவல் நிலையத்து வாயிலில் வரிசை நிறுத்தியிருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றும். அது இயலாமைக்கு மெய்யான காரணங்கள் இருந்தன. ஃபைசர் நிறுவனத்தின் மருந்தைப் பூச்சியத்துக்குக் கீழ் 70 பாகைக் குளிரில் காக்க வேண்டும். கரைத்த குப்பியை ஆறு மணி நேரத்துக்குள் செலவிட வேண்டும். மூன்று அல்லது நான்கு வாரம் கழித்து அதே ஆளுக்கு அதே மருந்தை இரண்டாம் முறை தர வேண்டும். மூச்சுக்காற்றில் பரவும் நோய் நிலவும்போது முதியோரை நெருக்கி நிறுத்தவும் கூடாது. ஆகவே முன்பதிவு என்னும் முறை வந்தது. நாளும் மணியும் குறித்து, அதற்கு மட்டும் வருவது. இதனைத் தீய எண்ணத்தோடு எவரும் ஏற்படுத்தவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தீய எண்ணம் இல்லாமலே அநீதி எப்படி விளைகிறது என்பதல்லவா இங்கு நமக்குப் பாடம்?

முன்பதிவு இணையத்தின் வழி நடந்தது. நகர ஆட்சிக்கு ஓர் இணையத்தளம், மாநில ஆட்சிக்கு வேறொன்று, மருத்துவமனைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் தனித்தனியே பல. ஒன்றில் இடமில்லையெனில் அடுத்ததில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நகரத்தின் தளத்தில் ஒருவர் நிரப்ப வேண்டிய கேள்விகளும் கட்டங்களும் ஐம்பதைத் தாண்டின; காப்பீட்டு அட்டையைப் படமெடுத்து ஏற்றவும் வேண்டும் என்று நகரக் கணக்காயரே வெளிப்படையாகக் குறை கூறினார். புதிய இடங்கள் எந்நேரம் திறக்குமென்று அறிவிப்பில்லை. திறந்தவை நொடிகளில் மறைந்தன. தொலைபேசியில் அழைத்தோர் நெடுநேரம் இசை கேட்டுக் காத்திருந்தனர். ஹியூஜ் மா என்னும் மென்பொருள் பொறியாளர், தம் தாயாருக்கு இடம் தேடிச் சலித்து, எல்லாத் தளங்களையும் ஒருங்கே நோக்கி எங்கே இடம் திறந்துள்ளது என்று காட்டும் கருவியொன்றைத் தாமே அமைத்தார். இரண்டு வாரத்துக்குட்பட்ட உழைப்பு. 50 டாலருக்கும் குறைந்த செலவு. பல இலட்சங்களைச் செலவிட்ட ஆட்சிகள் செய்யாததைத் தனியொருவர் செய்தார் என்று நகரம் அவரைப் பாராட்டிற்று. நாமும் பாராட்டுகிறோம். ஆனால் அக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் திரையை நோக்கியிருக்கக் கூடியவர் யார்? உணவகத்தில் பாத்திரம் துலக்கும் மகனுக்கா, அலுவலகப் பணியை வீட்டிலிருந்தே ஆற்றும் மகனுக்கா அது உதவியிருக்கும்?

வயதை அளவுகோலாகக் கொண்டதிலும் ஒரு நுட்பமான சாய்வு இருந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். வறிய பேட்டைகளில் 75 வயது வரை உயிர் வாழ்வோரே குறைவு. வறுமை முன்னரே தன் பங்கை எடுத்துக்கொண்டுவிட்டபின், எஞ்சியோரை எண்ணித்தான் அளவுகோல் வைக்கப்பட்டது.

ஜனவரி இறுதி நாளில் நகர ஆட்சி முதன்முறையாகக் கணக்கை வெளியிட்டது. இனம் இன்னதென்று குறிக்கப்பட்டவர்களுள் ஊசி பெற்றோரில் வெள்ளையர் 48 விழுக்காடு. இலத்தீன் அமெரிக்க மரபினர் 15 விழுக்காடு. கறுப்பினத்தார் 11 விழுக்காடு. நகரின் மக்கள்தொகையில் இவர்கள் முறையே ஏறத்தாழ 32, 29, 24 விழுக்காட்டினர். பிப்ரவரி நடுவில் அஞ்சல் குறியீட்டு எண் வாரியாகக் கணக்கு வந்தபோது படம் இன்னும் தெளிவாயிற்று. மன்ஹாட்டனின் செல்வப் பேட்டைகள் முன்னே நின்றன. முந்தைய ஆண்டில் மிகுதியான சவப்பெட்டிகளைக் கண்ட பேட்டைகள் பின்னே நின்றன.

இக்கணக்குக்கு மறுமொழியாக ஒரு வாதம் எழுந்தது. இன்றும் அதைக் கேட்கிறோம். வறிய பேட்டையினர் ஊசியை விரும்பவில்லை, அஞ்சினர், அதனால்தான் பெறவில்லை என்பது அவ்வாதம். அச்சம் இருந்தது உண்மை. அதற்குக் காரணமும் இருந்தது. அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் கறுப்பின ஆடவர்களுக்கு மேகநோய் இருப்பதை அறிந்தும், 1932 முதல் 1972 வரை சிகிச்சை தராமல் நோயின் போக்கை அரசே வேடிக்கை பார்த்ததை அம்மக்கள் மறந்துவிடவில்லை. ஆயினும் வாசலுக்கே வர வழியற்றவரைப் பார்த்து ‘இவர் விருந்தை மறுத்துவிட்டார்’ என்று சொல்வது முறையாகுமா? அச்சத்தின் அளவை அறிய வேண்டுமானால், முதலில் ஊசியை எட்டும் தொலைவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எட்டும் தொலைவு என்றவுடன் நிலத்தின் தொலைவையே பலரும் எண்ணினர். வடமன்ஹாட்டனில் வாஷிங்டன் ஹைட்ஸ் என்னும் பேட்டை டொமினிக்கன் மக்கள் நிறைந்தது. பெருந்தொற்றில் கடுமையாக அடிபட்டது. அங்குள்ள பழைய படைக்கலக் கொட்டில் பின்னாளில் ஓட்டப்பந்தய அரங்காக மாற்றப்பட்டது. அதில் ஜனவரி நடுவில் பெரிய தடுப்பூசி நிலையம் திறக்கப்பட்டது. மருந்து பேட்டைக்கே வந்துவிட்டது, இனிக் குறையென்ன? சில நாட்களில் உள்ளூர்ச் செய்தியாளர்கள் அங்கு சென்று வரிசையைக் கண்டு வியந்தனர். நின்றோருள் பெரும்பாலோர் பிற பகுதிகளிலிருந்தும் புறநகர்களிலிருந்தும் வந்த வெள்ளையர். இடத்தை வறியோர் பேட்டையில் வைத்தனர். ஆனால் நேரத்தை இணையத்தில் வைத்தனர். எவர் வேண்டுமாயினும் எங்கிருந்தும் அதைப் பதிவு செய்யலாம் என்றிருந்ததால், விரைந்தவர் பதிவு செய்து, வண்டியேறி வந்து, ஊசி பெற்றுத் திரும்பினர். எதிர்வீட்டு முதியவர் சன்னலிலிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயும் ஸ்பானிய மொழி பேசுவோர் போதிய அளவில் இல்லை என்ற குறை எழுந்தது.

யோவான் நற்செய்தியில் வரும் பெத்சதாக் குளம் நமக்கு நினைவுக்கு வருகிறது. முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்தவர் குளத்துக்கு மிக அருகிலேயே கிடந்தார். தண்ணீர் கலங்கும்போது இறக்கிவிட அவருக்கு ஆளில்லை. அவர் நகர்வதற்குள் வேறொருவர் இறங்கிவிடுகிறார். தொலைவு அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

அதே இளவேனிலில் நம் நாட்டிலும் இதற்கு ஒத்த நிகழ்ச்சி நடந்தது. 2021 மே முதல் நாள் 18 வயது கடந்தோருக்கு ஊசி திறக்கப்பட்டபோது, 45 வயதுக்குட்பட்டோர் கோவின் இணையத்தளத்தில் பதிந்தே பெற வேண்டும் என்றிருந்தது. நகரத்து இளைஞர் கிராமத்து நிலையங்களின் இடங்களைப் பதிவு செய்துகொண்டு காரில் சென்று ஊசி போட்டு வந்தனர். கிராமத்தார் திகைத்து நின்றனர். உச்சநீதிமன்றமும் இதைச் சுட்டிக் கேள்வி எழுப்பிற்று. வாஷிங்டன் ஹைட்ஸில் நடந்ததைப் படிக்கும் நம்முள் சிலருக்குத் தம் பழைய பயணமொன்று நினைவில் உறுத்தக்கூடும்.

பழி எழுந்தபின் நியூயார்க்கில் விதி மாறியது. அவ்வரங்கில் நேரங்களுள் 60 விழுக்காடு வடமன்ஹாட்டனையும் தென்பிராங்ஸையும் சேர்ந்த குறித்த பேட்டைகளுக்கு ஒதுக்கப்பட்டது. எஞ்சியவை நகரவாசிகளுக்கு மட்டும் என்றாயிற்று. உள்ளூர் அமைப்புகள் பெயர்களைத் திரட்டிப் பதிவு செய்தன. பிப்ரவரி 5ஆம் நாள் யாங்கீ விளையாட்டரங்கில் நிலையம் திறந்தபோது, பிராங்ஸ் பகுதியில் குடியிருப்பதற்குச் சான்று காட்டுவோருக்கு மட்டுமே அனுமதி. முதல் வாரத்துக்கு 15,000 நேரங்கள். அதையடுத்துக் கொரோனா பேட்டைக்கு அண்மையிலுள்ள சிட்டி ஃபீல்ட் அரங்கு குவீன்ஸ் மக்களுக்கும், வாடகைக்கார் ஓட்டுநர், உணவகப் பணியாளர் போன்றோருக்கும் என்று திறந்தது. அத்திங்களின் இறுதியில் புரூக்ளினிலும் குவீன்ஸிலும் இரு கல்லூரிகளில் திறந்த நிலையங்கள், முதல் வாரத்து நேரங்களைச் சுற்றுவட்டார அஞ்சல் எண்களுக்கென்றே வைத்துக்கொண்டன. பெருந்தொற்றில் மிகவும் அடிபட்டவை என்று 33 பேட்டைகளை நகர ஆட்சி பட்டியலிட்டு, புதிய நிலையங்களை அங்கு அமைக்க முற்பட்டது. ஆலய மண்டபங்களிலும் பொதுக் குடியிருப்புகளின் கூடங்களிலும் ஓரிரு நாள் முகாம்கள் நடந்தன.

முகவரியைப் பார்த்தா மருந்து தருவது என்று அப்போது சிலர் கேட்டனர். செல்வப் பேட்டையில் வாழும் முதியவரின் நுரையீரலும் நுரையீரல்தானே? அங்கும் வறியோர் உளர். மாளிகையின் கீழறையில் தங்கி வேலை செய்யும் பெண்ணுக்கு அஞ்சல் எண் செல்வரின் எண்ணாகத்தானே இருக்கும்? இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. பேட்டை என்பது துல்லியமற்ற அளவுகோல். ஆயினும் மற்ற அளவுகோல்களோடு வைத்து நோக்கும்போது அதற்கொரு நேர்மை உண்டு என்று நாம் கருதுகிறோம். வருமானத்தைச் சான்று காட்டச் சொன்னால் ஏழை மேலும் ஒரு தாளைத் தேடி அலைய வேண்டும். இனத்தைக் கேட்டால் சட்டமும் பகைமையும் குறுக்கே நிற்கும். சாவோ தெருத்தெருவாகத்தான் வந்தது. எந்தத் தெருவில் எத்தனை பேர் இறந்தனர் என்பதை நகரம் முன்னரே எண்ணி வைத்திருந்தது. அந்த எண்ணை மருந்துக்கும் பயன்படுத்துவதில் என்ன தவறு? ‘முதலில் வந்தவருக்கு முதலில்’ என்னும் முறைதான் பாகுபாடற்றது என்போர், அம்முறை வேகத்துக்குப் பரிசளிக்கிறது என்பதையும், வேகம் எல்லாருக்கும் ஒன்றாக வழங்கப்படவில்லை என்பதையும் கண்டுகொள்வதில்லை.

ஒதுக்கீட்டையும் சூழ்ச்சி வென்ற இடங்கள் உண்டு. கலிபோர்னியாவில் கறுப்பின, இலத்தீன் மக்களுக்கென்று வழங்கப்பட்ட சிறப்புக் குறியீட்டு எண்கள், பிப்ரவரித் திங்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வசதி படைத்தோரிடையே கைப்பேசி வழியே கைமாறின. வீட்டிலிருந்து வேலை செய்த இளையோர் அவ்வெண்களைப் பயன்படுத்திப் பதிவு செய்துகொண்டனர். பலருக்கு அவ்வெண் யாருக்கென்று வழங்கப்பட்டது என்பதே தெரியாதாம். நண்பர் அனுப்பினார், போட்டுப் பார்த்தேன், வேலை செய்தது என்றனர். பந்திக்கு முந்து என்னும் பழமொழியை நாமும் சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகியவர்கள்தாம்.

பதிவுக்கு ஆளில்லாதவருக்கு ஆளாக நின்றோரும் அக்காலத்தில் தோன்றினர். பிலடெல்பியாவில் குழந்தை அறுவை மருத்துவரான ஆலா ஸ்டான்ஃபோர்டு, கறுப்பின மருத்துவர்களைத் திரட்டி, முன்பு பரிசோதனைக்கும் பின்பு தடுப்பூசிக்கும் பேட்டைகளுக்கே சென்றார். பிப்ரவரி 19ஆம் நாள் நண்பகலில் தொடங்கி 24 மணி நேரம், டெம்பிள் பல்கலைக்கழகத்து விளையாட்டரங்கில் முன்பதிவின்றி ஊசி போட்டார். கடுங்குளிரில் இரவெல்லாம் மக்கள் வரிசையில் நின்றனர். ஏறத்தாழ 4,000 பேர் பெற்றுச் சென்றனர். விருப்பமில்லாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்களே இவர்கள்.

மருந்து பெருகிற்று. நியூயார்க் நகர ஆட்சி ஏப்ரலில் 75 வயதைக் கடந்தோர் முன்பதிவின்றி வரலாமென்றது. அத்திங்கள் 23ஆம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, நகரம் நடத்திய நிலையங்கள் அனைத்திலும் எவரும் நேரே வந்து ஊசி பெறலாம் என்றாயிற்று. எழுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓட்வையரின் காவல் நிலையங்களில் இருந்த வழக்கம் அது. அதற்குள் நான்கு திங்கள் கடந்திருந்தன. குளிர்காலத்து இரண்டாம் அலையும் கடந்திருந்தது. தட்டுப்பாடு இருந்த காலத்தில்தான் ஒதுக்கீடு தேவைப்பட்டது. அக்காலத்தின் பெரும்பகுதி முறையைத் திருத்துவதிலேயே கழிந்துவிட்டது.

அவ்வாண்டு முடிவதற்குள், ஜனவரியில் பின்தங்கியிருந்த இலத்தீன் அமெரிக்க மரபினரிடையே ஊசி பெற்றோர் விழுக்காடு நகரத்து வெள்ளையரின் விழுக்காட்டை எட்டி, அதையும் கடந்தது. ஊசியை விரும்பாதவர்கள் என்று அவர்களைப் பற்றி ஜனவரியில் எழுதியவர்கள் இதைப் பற்றி மிகுதியாக எழுதக் காணோம். கறுப்பினத்தார் வாழும் பேட்டைகள் பலவற்றில் அவ்விழுக்காடு அவ்வளவு உயரவில்லை. அங்கே நிலையங்கள் இருந்தன, மருந்து இருந்தது, முன்பதிவும் வேண்டியிருக்கவில்லை. முதல் வாரங்களில் நின்று திரும்பியோர் மீண்டும் வராமற் போனதனாலா, டஸ்கீகியின் நினைவாலா, இரண்டும் கலந்தா என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. தன்னார்வத் தொண்டர்கள் அத்தெருக்களில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தனர்.